எரிச்சல் எல்லாம் சூடு இல்லை: சிறுநீர்த் தொற்று பற்றி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். இங்கே யாரும் ‘சிறுநீர்ப் பாதைத் தொற்று’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ‘சூடு பிடிச்சிருக்கு’, ‘நீர்ச்சுருக்கு’, ‘நீர்க்கடுப்பு’ என்பார்கள். ஆண்கள் அதையும் சொல்ல மாட்டார்கள். ‘பிரஷர் மட்டும் பாருங்க’ என்று உட்கார்ந்து, எழுந்து கதவு வரை போய், திரும்பி வந்து மெதுவாக விஷயத்தை எடுப்பார்கள். பல வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளை, கேட்ட பாஷையிலேயே கீழே தருகிறேன்.

ஒண்ணுக்குப் போனா எரியுது. இது சூடா, இன்பெக்‌ஷனா?

சூடு என்பது முழுக்கக் கற்பனை இல்லை. சித்திரை வெயிலில் பருத்தி எடுக்கப் போகிறீர்கள். காலையில் குடித்த ஒரு செம்பு நீராகாரம்தான் மத்தியானம் வரை. வியர்வையில் போனது போக மிச்சமிருக்கும் தண்ணீரில்தான் சிறுநீரகம் கழிவை வெளியேற்ற வேண்டும். அப்போது சிறுநீர் கெட்டியாகி, கடும் மஞ்சளாக, கொஞ்சமாக, எரிச்சலோடு வரும். நீர்ச்சுருக்கு என்று நம் முன்னோர் வைத்த பேர் பொருத்தமான பேர்தான். நீர் சுருங்கித்தான் போயிருக்கிறது.

அதன் அடையாளம், தண்ணீர் உள்ளே போனதும் அடங்கிவிடும். நிழலில் உட்கார்ந்து இரண்டு மூன்று செம்பு தண்ணீரோ, உப்புப் போட்ட மோரோ குடித்தால் சாயங்காலத்துக்குள் சிறுநீர் வெளுத்துத் தாராளமாகப் போகும். எரிச்சலும் போய்விடும். மறுநாள் காலையில் அப்படி ஒன்று இருந்த ஞாபகமே இருக்காது.

தொற்று பெரும்பாலும் அப்படி அடங்காது. சிறுநீர்ப்பையின் உள்பக்கம் புண்பட்டது போல் சிவந்து வீங்கியிருப்பதால், கொஞ்சம் சேர்ந்தாலே பை நிறைந்துவிட்ட மாதிரி முட்டும். அவசரமாகப் போய் உட்கார்ந்தால் ஒரு கரண்டி அளவுதான் வரும். எழுந்து சேலையைச் சரிசெய்வதற்குள் மறுபடியும் முட்டும். போகும்போது எரிச்சல், கடைசிச் சொட்டில் அடிவயிற்றைப் பிழிகிற மாதிரி ஒரு கடுப்பு. ராத்திரி நாலு தடவை, ஐந்து தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கும். நன்றாகத் தண்ணீர் குடித்து, சிறுநீர் வெளுத்த பிறகும் இதெல்லாம் ஒரு ராத்திரி தாண்டி நின்றால், அதற்குச் சூடு என்று பேர் சொல்லிக்கொண்டிருப்பதை நிறுத்திவிடுங்கள்.

கலங்கலாக வருவதும் நாற்றமும் கூடவே இருக்கலாம். ஆனால் நாற்றத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். தண்ணீர் குறைந்தாலும், சில சத்து மாத்திரைகள் சாப்பிட்டாலும் நாற்றம் மாறும்.

பொம்பளைங்களுக்கு மட்டும் ஏன் இது அடிக்கடி வருது?

உடலமைப்பு முதல் காரணம். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் பெண்ணுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர். ஆணுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர். பெண்ணுக்கு அந்த வாசல் மலவாய்க்கு மிகப் பக்கத்திலும் இருக்கிறது. பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணமான ஈ.கோலை என்ற பாக்டீரியா நம் குடலிலேயே குடியிருப்பது. அது ஆணின் பைக்குப் போக நெடுந்தூரம், பெண்ணின் பைக்குப் போக நாலே எட்டு. பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்துவிடும். எனவே வந்தால் அசிங்கம், சுத்தமில்லாதவள் என்றெல்லாம் பேச்சே கிடையாது.

இரண்டாவது காரணம் நம் ஊர் வாழ்க்கை. நடவுக்குப் போகிற பெண்கள் விடிகாலையில் கிளம்பினால் திரும்ப மத்தியானம் இரண்டு மணி ஆகும். கண்ணுக்கெட்டிய தூரம் வயல், மறைவுக்கு ஒரு சீமைக்கருவைப் புதர்கூட இருக்காது. வரப்பில் மேஸ்திரி நிற்பார். அதனால் என்ன செய்கிறார்கள்? தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால்தானே போக வேண்டும்! சிறுநீர் ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே ஏறிய கிருமியை அதுவே கழுவிவிடும். ஓடாமல் தேங்கி நின்றால் கிருமி பெருகும். வாய்க்காலில் தண்ணீர் தேங்கினால் பாசி பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்களும், பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளும் இதே கணக்குதான்.

கல்யாணமான புதிதில் வருவதும் சகஜம். உடலுறவின்போது வாசலில் இருக்கும் கிருமி உள்ளே தள்ளப்படுகிறது, அவ்வளவுதான். கணவருக்கு ‘ஏதோ நோய்’ இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. இதைக் காதும் காதும் வைத்த மாதிரி மாமியாரிடமிருந்து மறைத்து, பத்து நாள் கழித்துக் காய்ச்சலோடு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைப்படுதும், எரியுதும். ரெண்டும் ஒண்ணா?

இல்லை. எரிச்சல் எங்கே என்று கவனியுங்கள். சிறுநீர் வெளியே வந்து தோலில் படும்போது சுரீரென்று எரிந்தால், கூடவே அரிப்பும், தயிர்த்திப்பி மாதிரியோ நாற்றத்தோடோ வெள்ளைப்படுதலும் இருந்தால், அது பெரும்பாலும் பெண்ணுறுப்பின் தொற்று. அதற்கு மருந்து வேறு. எரிச்சல் உள்ளுக்குள், குழாய்க்குள் இருந்து, அடிக்கடி போக வேண்டும் என்ற முட்டலும் சேர்ந்து, அரிப்போ வெள்ளைப்படுதலோ இல்லாமல் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்குச் சிறுநீர்த் தொற்றுதான். பரிசோதனைக்கு முன்னாலேயே அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிடலாம். அரிப்புக்குச் சிறுநீர்த் தொற்று மாத்திரையைப் போட்டால் அரிப்பு கூடும். ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளையும் அழித்து, பூஞ்சைக்கு இடம் விட்டுவிடும்.

எங்க வீட்டுக்காரருக்கு எரியுதுங்கிறார். ஆம்பளைங்களுக்குமா வரும்?

வரும். வந்தால் பெண்ணுக்கு வந்ததைவிடக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் கடந்து கிருமி உள்ளே போயிருக்கிறது என்றால், வழியில் ஏதாவது தடை இருக்கிறதா என்று பார்க்காமல் மாத்திரையோடு அனுப்ப முடியாது.

இளைஞர்களுக்குச் சிறுநீர்த் தொற்று குறைவு. இருபது முப்பது வயதில் எரிச்சலோடு வந்தால் நான் முதலில் கேட்பது, நுனியில் சீழ் மாதிரி ஏதாவது வடிகிறதா, உள்ளாடையில் கறை இருக்கிறதா என்றுதான். இருந்தால் அது பாலுறவால் பரவும் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். துணைவருக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும். திருப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவர் என்பதால் மட்டும் யாரையும் சந்தேகப்படுவதும் தப்பு. வெயிலில் கட்டட வேலை பார்த்துக் கல் உருவாகியிருக்கலாம்.

ஐம்பதைத் தாண்டியவர்களில் பலருக்குப் பிராஸ்டேட் சுரப்பி வீங்கத் தொடங்கும். அது சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி இருப்பது. வீங்கினால் குழாயை நெருக்கும். அறிகுறி எரிச்சலில் தொடங்காது. போய் நின்றால் வரத் தாமதமாகும். மதகு பாதி மூடிய வாய்க்கால் மாதிரி வேகம் குறையும், நின்று நின்று வரும், முடிந்த பிறகும் சொட்டும், வேட்டி நனையும். ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பார். ‘வயசாயிடுச்சு’ என்று சொல்லி ஐந்து வருஷம் ஓட்டுவார். பை முழுதாகக் காலியாகாமல் மிச்சம் தேங்குவதால், ஒருநாள் அதில் கிருமி பிடிக்கும். அப்போதுதான் எரிச்சல் வரும், என்னிடமும் வருவார்.

பிராஸ்டேட்டிலேயே தொற்று பிடித்தால் கதை வேறு. நல்ல காய்ச்சல், குளிர், விதைப்பைக்கும் மலவாய்க்கும் நடுவில் வலி, உட்கார முடியாத தவிப்பு, மலம் கழிக்கும்போது வலி. இதற்கு மாத்திரை நாள்கணக்கில் போதாது, பல வாரம் ஆகும். விதை ஒரு பக்கம் வீங்கி, சிவந்து, தொட்டால் வலித்தால் அங்கேயும் தொற்று பரவியிருக்கலாம். இளைஞனுக்கு அது திடீரென்று ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கவும் கூடும். அதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை மேஜைக்குப் போய்விட வேண்டும்.

இன்னொன்று: சிறுநீர் முட்டுகிறது, அடிவயிறு பானை மாதிரி உப்பியிருக்கிறது, ஆனால் ஒரு சொட்டு வரவில்லை. அந்த நிலையில் வாழைத்தண்டுச் சாறு கொடுக்காதீர்கள். அடைத்த மடையில் இன்னும் தண்ணீர் விடுகிற வேலை அது. உடனே ஆஸ்பத்திரி, டியூப் போட்டு இறக்கினால் ஐந்து நிமிஷத்தில் மனுஷன் முகம் மாறும்.

காய்ச்சலும் சேர்ந்தா என்ன அர்த்தம்?

தொற்று பையை விட்டு மேலே சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், பல் கிட்டுகிற குளிர், வாந்தி, விலாவுக்குக் கீழே முதுகின் ஒரு பக்கம் வலி. அந்த இடத்தில் லேசாகத் தட்டினாலே துடித்துப்போவார்கள். களை எடுத்ததால் வரும் இடுப்பு வலி குனிந்தால் நிமிர்ந்தால் மாறும். இது எப்படிப் படுத்தாலும் இருக்கும். சிலருக்கு எரிச்சலே இல்லாமல் இந்த அறிகுறிகள் மட்டும் வரும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சலோடு மயக்கம், மூச்சு வாங்குதல், குழறல் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

டெல்டாவில் இதோடு குழம்புகிற இன்னொரு நோய் எலிக் காய்ச்சல். ஐப்பசி கார்த்திகை மழையில் வயலில் நின்று வேலை பார்த்தவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் கடும் வலி, கண் சிவப்பு, சிறுநீர் அளவு குறைந்து போவது என்றால், அது எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து காலின் வெடிப்பு வழியே ஏறிய கிருமியாக இருக்கலாம். இதிலும் சிறுநீரகம் கெடும், கண் மஞ்சளாகும். எரிச்சல் பெரிதாக இருக்காது. மருத்துவரிடம் ‘சேத்துல வேலை பார்த்தேன்’ என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

சிவப்பா வருது. பீட்ரூட் சாப்பிட்டதாலயா?

சாப்பிட்டிருந்தால் இருக்கலாம், ஒரு நாளில் தெளிந்துவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை ஆரஞ்சு நிறமாக்கும். எரிச்சலும் முட்டலும் கூடிய ரத்தம் தொற்றில் வரும். விலாவிலிருந்து தொடை இடுக்குக்குச் சுருட்டிக்கொண்டு இறங்கும் வலியோடு ரத்தம் வந்தால் கல்லை நினைக்க வேண்டும்.

நான் பயப்படுவது வலியே இல்லாமல் வரும் ரத்தத்துக்கு. நாற்பது வயதைத் தாண்டியவர், அதிலும் பீடி, சிகரெட் பிடிப்பவர், ஒரு தடவை சிவப்பாகப் போய் மறுநாள் தெளிந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அப்படித்தான் முதலில் எட்டிப் பார்க்கும்.

பால் மாதிரி வெள்ளையாகப் போவதும் உண்டு. யானைக்கால் நோய் ஒரு காலத்தில் பரவலாக இருந்த கும்பகோணம் பக்கத்துப் பெரியவர்களிடம் இதைக் கேட்டால் தெரியும். நிணநீர் சிறுநீரில் கலப்பதால் வருவது அது. சீழ் என்று நினைத்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அது நிற்காது.

சுகர் இருக்கு. எனக்கு அறிகுறி வேற மாதிரி இருக்குமா?

இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. பல வருஷச் சர்க்கரையில் சிறுநீர்ப்பையின் நரம்பு மழுங்கிவிடுவதால் எரிச்சலும் முட்டலும் தெரியாமல் போகும். ‘சோர்வா இருக்கு, சாப்பாடு இறங்கல, சுகர் திடீர்னு 350’ என்று வருவார்கள். பார்த்தால் சிறுநீர் முழுக்கச் சீழ் அணுக்கள். மறுபுறம், சர்க்கரை ஏறினாலே அடிக்கடி சிறுநீர் போகும். அது தொற்று இல்லை. வித்தியாசம், சர்க்கரையில் ஒவ்வொரு தடவையும் நிறையப் போகும், தாகம் எடுக்கும். தொற்றில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

இப்போது நிறையப் பேர் சாப்பிடும் டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. நல்ல மருந்துகள்தான், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கின்றன. ஆனால் அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரலாம். ஆண்களுக்கு முன்தோல் வெடித்துப் பின்னுக்கு இழுக்க முடியாமல் போகும். வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். வாந்தி, பட்டினி இருக்கும் நாட்களில் இந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்காரருக்குக் காய்ச்சலும் விலா வலியும் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. சிறுநீரகத்துக்குள் வாயு உண்டாக்கும் கடுமையான தொற்று பெரும்பாலும் இவர்களுக்குத்தான் வருகிறது.

மாசமா இருக்கேன். அடிக்கடி போறது சாதாரணம்தானே?

அடிக்கடி போவது சாதாரணம். எரிவது சாதாரணம் இல்லை. கர்ப்பத்தில் எந்த அறிகுறியுமே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருப்பதும் உண்டு, நூறு பேரில் 2 முதல் 10 பேர் வரை. மற்றவர்களுக்கு அறிகுறி இல்லாத கிருமியை நாங்கள் கண்டுகொள்வதில்லை. கர்ப்பிணிக்கு மட்டும் அதையும் குணப்படுத்துவோம். விட்டால் மூன்றில் ஒருவர் வரை சிறுநீரகத் தொற்றுக்குப் போகலாம், குறைமாதப் பிரசவமும் ஆகலாம். எனவே செக்கப்புக்குப் போகும்போது யூரின் பாட்டிலை நீட்டினால் ‘போன மாசம்தானே கொடுத்தேன்’ என்று சலித்துக்கொள்ளாதீர்கள். வேறு யாருக்கோ எழுதிய மாத்திரையைக் கர்ப்பத்தில் தொடவே வேண்டாம். சில மருந்துகள் தொடக்கத்திலும், சில கடைசி வாரங்களிலும் ஆகாது.

தாத்தா ரெண்டு நாளா உளறுறார். யூரின் இன்பெக்‌ஷன்னு சொல்றாங்க.

இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டும் பழக்கம் டாக்டர்களிடமும் இருக்கிறது. வயதானவர்களின் சிறுநீரில் கிருமி இருப்பது மிகச் சாதாரணம். டெஸ்ட் செய்தால் பலருக்குப் பாசிட்டிவ் என்றுதான் வரும். உளறலுக்குக் காரணம் தண்ணீர் வற்றியதா, ரத்தத்தில் உப்பு குறைந்ததா, சர்க்கரை இறங்கியதா, பக்கவாதமா, மலச்சிக்கலா என்று பார்க்க வேண்டும். காய்ச்சல், எரிச்சல், புதிதாகப் படுக்கையை நனைப்பது, அடிவயிற்று வலி இவற்றில் ஏதாவது கூட இருந்தால்தான் தொற்று என்ற சந்தேகம் வலுக்கும்.

சிறுநீர் போக டியூப் போட்டிருப்பவர்களுக்கு இன்னும் கவனம். மாதக்கணக்கில் டியூப் இருந்தால் கிருமி இல்லாமல் இருக்கவே இருக்காது. டியூபோடு தொங்கும் பையில் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஊசி போடச் சொல்லாதீர்கள். காய்ச்சல், குளிர் வந்தால் உடனே சொல்லுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். கட்டிலில் தாத்தாவின் பக்கத்தில் அதைப் படுக்க வைக்கிற வீடுகளைப் பார்க்கிறேன். சிறுநீர் திரும்பி உள்ளே ஓடும்.

குழந்தைக்கு எப்படித் தெரியும்?

பேச்சு வராத குழந்தைக்குச் சளி இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் என்றால் சிறுநீரைப் பார்க்க வேண்டும். பால் குடிக்காமை, வாந்தி, ஒண்ணுக்குப் போகும்போது வீறிட்டு அழுவது, படுக்கை நனைப்பதை விட்ட பிள்ளை மறுபடி நனைப்பது எல்லாம் அடையாளங்கள். முதல் வயதில் ஆண் குழந்தைகளுக்கும் வரும். மருந்துக்கடை சிரப்பில் தொடங்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

யூரின் டெஸ்ட் எப்படிக் கொடுக்கணும்? ரிப்போர்ட்ல என்ன பார்க்கணும்?

வீட்டிலிருந்து இருமல் மருந்துப் பாட்டிலில் பிடித்து, அதை மஞ்சள் பைக்குள் சுற்றி, முத்துப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி மன்னார்குடி லேபுக்கு வந்து, வரிசையில் நின்று கொடுத்தால், அதற்குள் பாட்டிலில் ஒரு புது ஊரே உருவாகியிருக்கும். பிடித்த இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்விட வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். லேபிலேயே சுத்தமான டப்பா வாங்கி அங்கேயே கொடுப்பது உத்தமம். நன்றாகத் தண்ணீரில் கழுவிவிட்டு, முதலில் வருவதைக் கீழே விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். டப்பாவின் உள்பக்கத்தில் விரல் படக்கூடாது.

ரிப்போர்ட்டில் ‘பஸ் செல்ஸ்’ என்பது சீழ் அணுக்கள். ஐந்து வரை பெரிதாக எடுக்க வேண்டாம். ‘எபிதீலியல் செல்ஸ்’ நிறைய இருந்தால் தோலிலிருந்து கலந்துவிட்டது, சாம்பிள் சரியில்லை என்று அர்த்தம்.

‘கல்ச்சர்’ என்றால் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்ப்பது. இரண்டு மூன்று நாள் ஆகும். இளம்பெண்ணுக்கு முதல் தடவை, காய்ச்சல் இல்லாத தொற்று என்றால் கல்ச்சர் இல்லாமலும் சமாளிக்கலாம். ஆண்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், சர்க்கரைக்காரர்கள், காய்ச்சலோடு வருபவர்கள், திரும்பத் திரும்ப வருபவர்கள் எல்லோருக்கும் கல்ச்சர் வேண்டும். ஆன்டிபயாடிக் முதல் வேளை உள்ளே போவதற்கு முன்னால் சாம்பிள் எடுத்துவிட வேண்டும். இரண்டு வேளை போட்டுவிட்டு வந்தால் ‘நோ க்ரோத்’ (கிருமி வளரவில்லை) என்று வரும், கிருமி உள்ளே உயிரோடு இருந்தாலும்.

சீழ் அணுக்கள் வாரக்கணக்கில் நிறைய இருந்து, ஒவ்வொரு தடவையும் ‘நோ க்ரோத்’ என்றே வந்தால் சிறுநீரகக் காசநோயைத் தேட வேண்டும். சாதாரணக் கல்ச்சரில் அந்தக் கிருமி வளராது.

மெடிக்கல்ல நாலு மாத்திரை வாங்கிப் போட்டேன், நின்னுடுச்சு. போதும்தானே?

நின்றது எதனால் என்று தெரியாது. லேசான தொற்று தண்ணீரிலேயே அடங்குவதும் உண்டு. இல்லை, கிருமியில் பலவீனமானது செத்து, பலமானது மிச்சம் இருக்கிறதோ என்னவோ. நம் நாட்டில் ஈ.கோலை கிருமியில் கணிசமான பங்கு சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளுக்கு இப்போது மசிவதில்லை. கால் வலிக்கும் சளிக்கும் இரண்டு இரண்டாக அதைத் தின்று தீர்த்ததன் பலன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை உங்கள் கணவருக்குக் கேட்காமல் போவதற்கும் காரணம் உண்டு. பெண்களின் சாதாரணத் தொற்றுக்கு நாங்கள் முதலில் எழுதும் நைட்ரோஃப்யூரன்டாயின் சிறுநீரில்தான் சேரும். சிறுநீரகத் திசுவிலும் பிராஸ்டேட்டிலும் போதுமான அளவு ஏறாது. பைக்குள் இருக்கும் தொற்றுக்கு அருமையான மருந்து, மேலே ஏறியதற்கு உதவாது. அது சிறுநீரைப் பழுப்பாக்கும், பயப்பட வேண்டாம். கூடவே எரிச்சலுக்கென்று சிட்ரேட் சிரப்பை நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள். அது சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும். புளிப்பு குறைந்தால் இந்த மாத்திரையின் வேகமும் குறையும்.

எந்த மருந்தாக இருந்தாலும் இரண்டு நாளில் நல்ல மாற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மூன்றாம் நாள் வாருங்கள், எட்டாம் நாள் வேண்டாம்.

பெருவிரல்ல சுண்ணாம்பு வெச்சா சரியாகும்பாங்களே?

போன குறுவை நடவின்போது ஒரு அக்கா வந்தார். கணுக்கால் வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. இரண்டு கால் பெருவிரல் நகத்தைச் சுற்றியும் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு.

‘‘எப்பக்கா தடவினீங்க?’’

‘‘முந்தாநாளு டாக்டரம்மா. நேத்து கொஞ்சம் தேவலயா இருந்துச்சு. இன்னைக்கு மறுபடியும்.’’

‘‘நேத்து நடவுக்குப் போனீங்களா?’’

‘‘எங்க போறது, திண்ணையிலதான் கெடந்தேன். மருமவ மோரு கரைச்சுக் கரைச்சுக் குடுத்துச்சு.’’

சுண்ணாம்பு பெருவிரலைத் தவிர வேறெங்கும் போகவில்லை. மோர் போனது. நான் சுண்ணாம்பைக் கழுவச் சொல்லவில்லை. அதனால் கெடுதலும் இல்லை.

வாழைத்தண்டு, பார்லிக் கஞ்சி, வெள்ளரி, நுங்கு, சீரகத் தண்ணீர் எல்லாம் தண்ணீரை உள்ளே அனுப்பும் ருசியான வழிகள். நீர்ச்சுருக்குக்கு அது போதும். தொற்றுக்குத் துணையாக இருக்கலாம், வைத்தியமாக முடியாது. நெருஞ்சிமுள் கஷாயத்தை நம்பி நாள் கடத்த வேண்டாம். இளநீரைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை: சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆபத்து. இதயம் பலவீனமானவர்களுக்கும் ‘நிறையத் தண்ணி குடி’ என்ற பொது அறிவுரை பொருந்தாது.

வருஷத்துக்கு நாலு தடவை வருதும்மா. நிறுத்தவே முடியாதா?

ஆறு மாதத்தில் இரண்டு தடவை, அல்லது வருஷத்தில் மூன்று தடவை வந்தால் திரும்ப வரும் தொற்று என்கிறோம். ஸ்கேன், கல்ச்சர், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிட வேண்டும். கல் ஒன்று உள்ளே உட்கார்ந்து கிருமிக்கு வீடாக இருக்கலாம்.

தண்ணீரைக் கூட்டினால் தொற்று திரும்ப வருவது குறையும் என்பதற்கு நல்ல ஆதாரமே இருக்கிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் தினம் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவையும், மற்றவர்களுக்கு 3.2 தடவையும் வந்தது. ஒன்றரை லிட்டர் என்பது நம் வீட்டுச் செம்பில் இரண்டு செம்புக்குக் கிட்ட.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் குறைந்து உறுப்பு வறண்டுபோவதால் திரும்பத் திரும்ப வரும். அதற்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரஜன் கிரீம் நல்ல பலன் தரும். ஐம்பத்தைந்து வயதில் இதைப் போய்க் கேட்பதா என்று தயங்குகிறார்கள். கேளுங்கள்.

கழுவும்போது கை முன்னாலிருந்து பின்னுக்குப் போகட்டும். உடலுறவுக்குப் பின் சிறுநீர் கழியுங்கள். உள்ளே சோப்பும் டெட்டாலும் போட்டுக் கழுவ வேண்டாம், அது காவலுக்கு இருக்கும் நல்ல கிருமிகளைத் துரத்துகிறது. நடவு மேஸ்திரிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு: டீ கொடுக்கும் நேரத்தில் கால் மணி நேரம் ஆண்கள் எல்லோரும் அந்தப் பக்கத்து வரப்புக்குப் போய்விடுங்கள். நான் சொல்லி ஒரு ஊரில் செய்கிறார்கள்.

எங்க போய்க் காட்டுறது?

எரிச்சல் மட்டும் என்றால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையமே போதும். யூரின் டெஸ்ட் அங்கேயே செய்வார்கள். காய்ச்சல், விலா வலி, வாந்தி, சிறுநீர் அடைப்பு என்றால் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

போகும்போது வீட்டில் சாப்பிட்ட மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், காலி அட்டையாக இருந்தாலும். ‘வெள்ளையா, நீளமா ஒரு மாத்திரை’ என்பதை வைத்து எந்த டாக்டராலும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது.